ஆயில் குறையாத கார்

இதைச் சொன்னதும் அக்கா என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுபேச்சில்லாமல் விழுங்கினேன், நன்றாகத் தூங்கினேன். ஆனால் மாத்திரை போட்டுக்கொண்டால் நடந்தது நடக்காமல் போய்விடுமா? என் கண்ணால் பார்த்தேன், என் காதால் கேட்டேன். ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை.

முதலில் எங்கள் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் வாங்கும்போதே இரண்டு கை மாறிய கிழட்டு வண்டி. ஸ்டார்ட் செய்தால் பின்னால் நீலப் புகை கிளம்பும். வாங்கிய வாரமே மெக்கானிக் அண்ணன் என்னையும் என் வீட்டுக்காரரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டார்.

“பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சு. இது பெட்ரோலைவிட ஆயிலை நல்லாக் குடிக்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஊத்திடணும். மறந்தீங்க, இன்ஜின் அப்படியே இறுகிடும். அப்புறம் பழைய இரும்புக் கடைதான்.”

இருவரும் சமர்த்தாகத் தலையாட்டினோம். அதோடு சரி. அதற்குப் பிறகு எட்டு வருஷத்தில் ஆயிலைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பேச நேரம் ஏது? அவருக்குச் சரக்குக் கிடங்கில் வேலை. விடிவதற்கு முன் கிளம்பி மதியம் திரும்புவார். அவர் கொண்டுவந்து நிறுத்தும் காரை எடுத்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். அங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்துவிட்டு ராத்திரி திரும்பி வருவேன். ஒருவர் தூக்கம் மற்றவரால் கெட வேண்டாம் என்று தனித்தனி அறை. எங்கள் குடும்பம் நடந்தது அந்தக் காருக்குள்தான் என்று சொல்ல வேண்டும். அவர் பின்னால் தள்ளிய சீட்டை நான் முன்னால் இழுப்பேன். அவர் வைத்த ரேடியோ ஸ்டேஷனை நான் மாற்ற மாட்டேன். சில நாள் ஸ்டியரிங் பக்கத்தில் எனக்காக ஒரு மிட்டாய் இருக்கும். சொல்லாமல் செய்கிற மனிதர். ஆயிலும் அவர்தான் ஊற்றுகிறார் என்று நான் பாட்டுக்கு இருந்துவிட்டேன்.

ஒரு நாள் மதியம் கிடங்கில் நின்றபடியே சரிந்து விழுந்தார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அக்கா விடாமல் போன் செய்தாள். “அந்த ஓட்டை வண்டியை வித்துத் தொலைச்சிட்டு இங்க வாடி. மாடி ரூம் சும்மாதானே கிடக்கு?”

“பாக்கலாம்க்கா,” என்பேன். வண்டியை எப்படி விற்பது? சீட்டை இன்னும் அவர் விட்ட இடத்திலேயே வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்து மாதம் போயிற்று. ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போதுதான் திடீரென்று நினைவு வந்தது. ஆயில்! இத்தனை நாளாக யார் ஊற்றியது? அப்படியே மெக்கானிக் ஷெட்டுக்குத் திருப்பினேன்.

அண்ணன் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவித் துடைத்தார். மறுபடி விட்டு எடுத்தார். மேல் கோடு வரை நிறைந்திருந்தது.

“அதான் ஒழுங்கா ஊத்திட்டு வர்றியேம்மா. அப்புறம் எதுக்குப் பதறுற?”

“நான் ஊத்தலண்ணே.”

“பின்ன, ரிங் தானா வளந்திடுச்சா? தலைமுடியா அது?”

சிரித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார். அதே நீலப் புகை.

“குடிக்குது. ஆனா குறையல,” என்று தலையைச் சொறிந்தார். ஒரு லிட்டரை வடித்தெடுத்து, கீழ்க்கோட்டில் நிறுத்தினார். “இப்பப் போ. ஒரு வாரம் கழிச்சு வா. பாத்திடலாம்.”

ஒரு வாரம் தேவைப்படவில்லை. மறுநாள் காலையில் நானே குச்சியை உருவிப் பார்த்தேன்.

நிறைந்திருந்தது.

எங்கள் வீடு மாடியில். கீழ்த்தளம் ஆளில்லாத குடோன். பின்முற்றத்தில்தான் கார் நிற்கும். கேட்டுக்கு உள்பூட்டு. கார் பூட்டியிருந்தது. பானெட்டைத் திறக்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் கொக்கியை இழுக்க வேண்டும். சாவி என் தலையணைக்கடியில்.

அன்றும் ஷெட்டுக்குப் போய் ஒரு லிட்டர் வடிக்கச் சொன்னேன். ராத்திரி படுக்கவில்லை. சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, முற்றத்தைப் பார்த்த ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

மணி மூன்று. ஒன்றுமில்லை. நான்கு. கண் சொக்கியது.

4.20.

டக்…

பானெட் கொக்கி விடுபடும் சத்தம். எட்டு வருஷமாகத் தூக்கத்தில் கேட்ட சத்தம், எனக்குத் தெரியாதா?

அப்புறம் பானெட்டைத் தாங்கும் கம்பியை நிமிர்த்தும் கிரீச். அப்புறம்…

குளுக்… குளுக்… குளுக்…

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். பானெட் திறந்திருந்தது. முற்றத்து பல்பு வெளிச்சத்தில் ஒருவர் குனிந்து நின்றார். முதுகுதான் தெரிந்தது. கிடங்கில் கொடுத்த சாம்பல் நிறச் சட்டை. இடது தோள் கொஞ்சம் இறங்கிய அதே நிற்பு.

“என்னங்க…” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் திரும்பவில்லை. பானெட்டை மெதுவாக இறக்கினார். சத்தம் வராமல் இரண்டு கையாலும் அழுத்தி மூடினார். என்னை எழுப்பிவிடக்கூடாது என்று அவர் வீட்டுக் கதவை மூடிக்கொண்டு போவது போலவே.

விழுந்தடித்து இறங்கினேன். யாருமில்லை. கார் பூட்டியபடி இருந்தது. புது ஆயில் வாசனை மட்டும் நின்றது.

பயந்தேனா? முதல் நாள் பயந்தேன். இரண்டாம் நாள் அழுதேன். மூன்றாம் நாளிலிருந்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தேன். அவர் உயிரோடு இருந்தபோதுகூட நான் தினம் அவரைப் பார்த்ததில்லை. இப்போது தினமும் பார்த்தேன். தலை வாரிக்கொண்டு ஜன்னலில் போய் உட்கார்ந்தேன். அக்காவிடம் வரவே மாட்டேன் என்று தீர்த்துச் சொல்லிவிட்டேன்.

ஆனால் முதுகு மட்டும் போதவில்லை. முகம் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

அன்று நான்கு மணிக்கே கீழே இறங்கி, குடோன் கதவோரம் நின்றுகொண்டேன். செருப்பில்லை. சிமெண்ட் தரை சில்லென்றது.

4.20. டக்…

கார்க் கதவு திறக்கவில்லை. பானெட் மட்டும் எழும்பியது. அவர் நின்றிருந்தார். எங்கிருந்து வந்தார் என்று பார்க்க முடியவில்லை.

குளுக்… குளுக்…

பக்கத்தில் போனேன். கை நீட்டினால் தொடலாம். அப்போதுதான் கவனித்தேன். அவர் கையில் டப்பா இல்லை. புனலும் இல்லை. சத்தம் மட்டும் வந்தது.

குளுக்…

“என்னங்க… ஒரு தடவை திரும்புங்க…”

சத்தம் நின்றது.

தோள் அசைந்தது.

கழுத்து மெல்ல…

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

முகத்தருகே மூச்சு. ஆயில் வாசனை. ஒரு நிமிஷமா, ஒரு யுகமா…

திறந்தபோது யாருமில்லை. மூடிய பானெட் ஈரமாக இருந்தது.

ஆசைப்பட்டு இறங்கிப் போனவள் எதற்குக் கண்ணை மூடினேன்? அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன். மறுநாள் பழைய ஆயிலை மாற்ற ஷெட்டுக்குப் போனபோது, அடக்க முடியாமல் மெக்கானிக் அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

“அவர்தாண்ணே ஊத்துறார். முன்ன மாதிரியே.”

அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“முன்ன மாதிரியா? அவரு ஒரு நாளும் ஊத்தினதில்லையேம்மா.”

“என்னண்ணே சொல்றீங்க?”

“நான் கேட்டிருக்கேன். ‘சார், என்கிட்ட ஒரு டப்பா ஆயில்கூட வாங்க மாட்டேங்கறீங்களே’ன்னு. ‘என் வீட்டுக்காரி விடியக்காலைல எந்திரிச்சு ஊத்திடுறா. ஜன்னல்ல இருந்து தினமும் பாக்கறேன். கூப்பிட்டாத் திரும்ப மாட்டா, வெட்கம்’னு சிரிப்பாரு. அன்னிக்கு நீ ஊத்தலன்னு சொன்னப்போ, நீ துக்கத்துல மறந்து பேசுறன்னு நினைச்சேன்.”

அந்த நேரத்தில் நான் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருப்பேன். எட்டு வருஷமும் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். “கடைசியா ஒரு நாள் வந்தவரு, ‘இத்தனை வருஷமா அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லல. நாளைக்குக் கீழ இறங்கிப் போய்ச் சொல்லிடப் போறேன்’னாரு. மறுநாள் விடியறதுக்கு முன்னாடி, வேலைக்குப் போற வழியில வண்டியை நிறுத்தி, ஷெட்ல படுத்திருந்த என்னை எழுப்பினாரு. முகத்துல ரத்தமே இல்ல. ‘சொல்லிட்டீங்களா சார்?’னு கேட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“‘அவ திரும்பிப் பாத்துட்டா’ன்னாரு. அவ்வளவுதான். அன்னிக்கு மதியம்தான்…”

காரை அங்கேயே விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து அக்கா வீட்டுக்கு வந்தேன். இப்போது மாடி அறையில் இருக்கிறேன். விடியற்காலையில் விழிப்பு வந்தால் ஜன்னல் பக்கம் போவதில்லை.

எனக்காவது கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. அவருக்கு எப்படித் தோன்றும்? பெண்டாட்டி முகத்தைத்தானே பார்க்கப் போகிறோம் என்று ஆசையாக நின்றிருப்பார்.