பேரனுக்கு நோவா என்று பெயர்

மகன் வெளிநாட்டில் குடியேறிய ஊரான பக்குரங்காவில், கடைத்தொகுதியின் காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். தள்ளுவண்டியில் பேரன் தூங்குகிறான். நாளை பெயர்சூட்டு விழா. அவன் காதில் மூன்று முறை 'நோவா' என்று சொல்லத்தான் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். சொல்ல மனமில்லை.

பைபிள் பெயர் எங்கள் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது? மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஸ்டெல்லா மீதுதான் எனக்குச் சந்தேகம். மகன் வீட்டுக்குப் பக்கத்து வீடு; ஈப்போவில் பிறந்தவர், பேச்சின் கடைசியில் அந்த ஊர் 'லா' ஒட்டிக்கொள்ளும்; ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்.

"பேரை நீங்கதான் சொன்னீங்களாமே?"

"நான்தான் அங்கிள். ஹீப்ரு பேரு, ஓய்வுன்னு அர்த்தம். பிள்ளை ராத்திரியெல்லாம் அழுவுது. பேராவது தூங்கட்டும் லா."

நான் சிரிக்கவில்லை.

"இங்க எந்தப் பாலர் பள்ளியில கூப்பிட்டாலும் ரெண்டு நோவா திரும்பிப் பார்க்கும்," என்கிறார்.

"அதுக்காக வெச்சிடறதா?"

"அதுக்காக இல்ல அங்கிள். கேட்டை நட்சத்திரம், 'நோ'வுல ஆரம்பிக்கணும்னு பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னது நீங்கதானே? உங்க மருமகளுக்கு வேற பேரே கிடைக்கல. உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

யோசிக்கிறேன். காப்பி ஆறுகிறது. ஒரு பெயரும் வரவில்லை.

சந்தேகம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் ஸ்டெல்லா தண்ணீர் எடுக்க எழுந்ததும், வண்டிக்குள் குனிந்து ஒரே ஒரு முறை மெல்லச் சொல்லிப் பார்க்கிறேன்.

அவன் தூக்கம் கலையவில்லை.