வெயிலம்மாள் வாங்கிய நாற்காலி

எங்கள் தெருவில் வெயிலம்மாளிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. ரேஷன் கடைக்காரர் அவளைத் தூரத்தில் பார்த்தாலே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். சின்ன வயதிலேயே கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போனவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் திருப்பூரில். அறுபதை நெருங்குகிறாள், இன்னும் யாருக்கும் குனிந்து பழக்கமில்லை. நான் அடுத்த வீட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். அவளைப் பற்றி எழுத எனக்கு அந்த உரிமை போதும்.

அவளோடு அவள் அப்பா சின்னக்கருப்பன் இருக்கிறார். எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் பெரிய வீட்டுக்குப் பண்ணையாளாக இருந்தவர். அவருடைய அப்பாவும் அதே வீட்டில் பண்ணையாள், அவருக்கு அப்பாவும் அப்படியே. விட்டுப் போக நினைத்தால் பிடித்து வந்து தொழுவத்தில் கட்டிவைப்பார்கள். பண்ணையாள் என்று சொன்னால் ஏதோ உத்தியோகம் போலக் காதில் விழுகிறது. நான் அடிமை என்றுதான் சொல்வேன்.

அப்படி ஆள் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகுதான் சின்னக்கருப்பன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கோவில்பட்டிக்கு நடந்து வந்தார். பெண்டாட்டி முத்துமாரியம்மாள் அதற்கு முன்பே காய்ச்சலில் இறந்திருந்தாள். வெயிலம்மாளுக்கு அம்மா முகம் நினைவில்லை. அவளுக்கு நினைவிருப்பது வேறொன்று. பெரிய வீட்டு வாசலில் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். அவளைவிடச் சின்னப் பையன் ஒருவன் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே, "ஏலே, தண்ணி கொண்டா" என்பான். அந்த வீட்டு ஆள் முன்னால் பண்ணையாள் உட்காரக் கூடாது, துண்டு தோளில் கிடக்கக் கூடாது. அதுதான் வழக்கம்.

அதனால்தான் தனக்கென்று ஒரு வீடு கட்டியதும் அவள் முதலில் வாங்கியது அப்பாவுக்கு ஒரு நாற்காலி. கை வைத்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. சின்னக்கருப்பன் அதில் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். கவுன்சிலர் வந்தால்கூட எழுந்திருக்க மாட்டார். ஆனால் பெரிய வீட்டு நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் பேச்சிராஜா போன் பண்ணினால் போதும், போனுக்கே எழுந்து நிற்பார். மகள் போனை அவர் காதில் பிடித்திருக்க, இவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சொல்லுங்க" என்பார். எங்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு வராது.

"சாகுறதுக்குள்ள அந்த வீட்டு ஆளு முன்னால எங்கப்பா ஒரு தடவ உக்காந்திருக்கணும்க்கா. அத நான் பாக்கணும்" என்பாள்.

இந்த வருஷம் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பெரிய வீட்டுப் பேரன் மாதவன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தான். பேச்சிராஜா ஸ்பீக்கர் போனில் சொன்ன செய்தியைக் கேட்டு நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அங்கே போனேன்.

"சின்ன மொதலாளி ஒங்க அப்பாகிட்ட மன்னிப்பு கேக்கணுமாம். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பி வச்சிரு."

சின்னக்கருப்பன் அதற்குள் எழுந்து, வெளுத்த வேட்டி எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டார். வெயிலம்மாள் வாசல் நடையில் உட்கார்ந்து வழியை மறித்துக்கொண்டாள்.

"மன்னிப்பு கேக்குத ஆளுதான் தேடி வரணும். இங்கன இருந்து யாரும் அங்கன வர மாட்டாக" என்றாள் போனில்.

"அவிய எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்காக தெரியுமா?"

"அம்புட்டுத் தூரம் வந்தவியளுக்கு எங்க தெருவுதான் தூரமாப் போச்சோ?"

போனை வைத்ததும் நான்தான் வாயை விட்டேன். "ஏட்டி, தாத்தா செஞ்சதுக்குப் பேரன் என்ன பண்ணுவான்? அவன் அப்ப பொறக்கவே இல்லையே."

"தாத்தா நெலம் மட்டும் பேரனுக்கு வேணும், தாத்தா செஞ்சது வேண்டாமோ?" என்றாள். நான் தையலைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் மத்தியானம் மாதவன் தனியாகப் பைக்கில் வந்து இறங்கினான். நாற்பது வயதிருக்கும், வெயிலில் முகம் சிவந்திருந்தது. காபி கொடுக்கிற சாக்கில் நானும் போய் நின்றுகொண்டேன். சின்னக்கருப்பன் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டி, சுவரோரமாக ஒதுங்கி நின்றார். வெயிலம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கூப்பிட்டு விட்டது என் தப்புதான்" என்றான் மாதவன் முதலில். "உக்காருங்க தாத்தா."

சொன்ன மாத்திரத்தில் சின்னக்கருப்பன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். வெயிலம்மாள் முகத்தைப் பார்த்தால் அது இன்னும் கறுத்திருந்தது.

"நிக்கச் சொன்னப்ப நின்னாரு, இப்ப உக்காரச் சொல்லுதீக, உக்காந்துட்டாரு. இதுல என்ன இருக்கு?" என்றாள்.

மாதவன் தான் வேலை பார்க்கும் ஊரைப் பற்றிச் சொன்னான். அங்கே அந்தக் காலத்தில் அடிமைகளை வைத்திருந்தவர்களின் வாரிசுகள் இன்று மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று பேச்சு வந்ததாம். உங்கள் ஊரில் அப்படி உண்டா என்று யாரோ கேட்க, இல்லை என்று சொல்லிவிட்டானாம். சொன்ன பொய் அன்றிலிருந்து தன்னை விடவில்லை என்றான்.

"எங்க குடும்பம் செஞ்ச கொடுமைக்கெல்லாம்..." என்று ஆரம்பித்தான்.

"என்ன கொடும? தெரியுமா ஒங்களுக்கு?" என்றாள் வெயிலம்மாள்.

அவன் தலை குனிந்தான். "தெரியாதுக்கா. வீட்டுல யாரும் சொன்னதில்ல. தாத்தா, நீங்க சொல்லுங்க. நான் கேக்குதேன்."

"ஒண்ணும் இல்ல சாமி. நல்லாத்தான் வச்சிருந்தாக" என்றார் சின்னக்கருப்பன். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தப்புன்னு நடந்தது ஒண்ணே ஒண்ணுதான். அது நான் செஞ்சது."

வெயிலம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"பருத்தி எடுக்குத சமயம். இவ அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறிப் பெனாத்துதா. பருத்தி வண்டி கோயில்பட்டிக்குத்தான போகுது, ஒரு ஓரமாப் படுக்கப்போட்டுக் கொண்டுபோயி ஆஸ்பத்திரியில சேத்துருதேன்னு ஒங்க தாத்தாகிட்ட கேட்டேன். அவ மேலு பட்ட பருத்திய எவன் வாங்குவான்னு கேட்டாக. நான் வண்டியப் பத்திக்கிட்டுப் போயிட்டேன். ஆஸ்பத்திரி வாசல் வழியாத்தான் சாமி போனேன். வண்டியில எடம் இருந்துச்சு. இன்னொரு தடவ கேட்டிருந்தா விட்டிருப்பாக. நான் கேக்கல. திரும்பி வந்தா அவ இல்ல."

அந்தப் பருத்தியைச் செடியிலிருந்து எடுத்ததே முத்துமாரியம்மாளின் கையாகத்தான் இருக்கும். வெயிலம்மாள் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். அம்மா காய்ச்சலில் செத்தாள் என்று மட்டும்தான் இத்தனை காலமும் அவளுக்குத் தெரியும்.

மாதவன் மனப்பாடம் பண்ணி வந்ததையெல்லாம் விட்டுவிட்டான். நாற்காலிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தான்.

"எங்க தாத்தாவ எனக்கு நல்லாத் தெரியும். நீங்க எத்தன தடவ கேட்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டாரு. அது நீங்க செஞ்ச தப்பு இல்ல தாத்தா. எங்க வீட்டுத் தப்பு. மன்னிச்சிருங்க."

சின்னக்கருப்பன் அவனை உற்றுப் பார்த்தார். "நெசமாவா? விட்டிருக்க மாட்டாகளா?"

"நெசமா."

"நான் கேட்டிருந்தாலும்?"

"கேட்டிருந்தாலும்."

கிழவர் அழுதுவிட்டார். தேம்பித் தேம்பி அழுதார். மூக்கைத் துடைக்க ஏதாவது வேண்டுமே, இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தை அழுந்தத் துடைத்தார். துடைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். முதுகு மெல்லப் பின்னால் போய் நாற்காலியில் சாய்ந்தது. தாத்தா செய்ததற்குப் பேரன் என்ன பண்ணுவான் என்று முந்தின நாள் கேட்ட நான், கையில் இருந்த காபியை மாதவனிடம் நீட்டினேன்.

காபி ஆறிப்போய்விட்டது. மாதவன் அதைக் குடித்துவிட்டு எழுந்தான். "வாரேன் தாத்தா."

"பாத்துப் போங்க தம்பி. லாரியா வரும்" என்றார் சின்னக்கருப்பன், சாய்ந்தபடியே.

பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. வெயிலம்மாள் அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மாவுக்காக அழுகிறாளா அப்பாவுக்காக அழுகிறாளா என்று நான் கேட்கவில்லை. ரெண்டுக்கும் சேர்த்து அழட்டும் என்று நின்றேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அவரு கெளம்புதப்ப அப்பா எந்திரிக்கலதான?"

"எந்திரிக்கல."

"அப்ப உக்காருங்கன்னு யாரும் சொல்லலையே?"

"யாரும் சொல்லல" என்றேன்.