வெயில் பக்கத்து டயர்கள்

பெர்ட்டா ஓல்கின் தன் கடைக்கு வந்தவர்களில் நான்கு பேரை அடித்தாள். எங்கள் ஊர் சால்ட் வெல்லில் சிலர் பத்து என்பார்கள், சிலர் பன்னிரண்டு என்பார்கள். நான்குதான். அவளுடைய டயர் கடைக்கு எதிரே, சாலைக்கு இந்தப் பக்கம், முப்பத்தொரு வருடம் வண்டி எடைமேடை நடத்தியவன் நான். நான்கையும் நேரில் பார்த்தேன்.

முதல் ஆளுக்கு மூக்கு உடைந்தது; அது 1999 மார்ச். இரண்டாவது ஆளை 2003 மே மாதம் வயிற்றில் உதைத்தாள். மூன்றாவது ஆள் 2011 அக்டோபரில் ரப்பர் சுத்தியலால் அடிபட்டு, தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டு, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். மூவரும் செய்த தப்பு ஒன்றே. டயரைப் பற்றி அவளிடம் பொய் சொன்னார்கள்.

அவள் கணவன் நாச்சோ அப்படி ஒரு பொய்யால் செத்தவன். 1998 ஆகஸ்ட் 14, பகல் 2.20. டிரக்கின் பின்னால் கேம்பர் என்ற சக்கர வீட்டை இழுத்து வந்த ஒருவன், "இப்பத்தான் காத்து இறங்குச்சு, வாசல்ல வரும்போதுதான் பாத்தேன்" என்றான். உண்மையில் ஒன்பது மைல் காற்றில்லாமல் ஓட்டியிருந்தான். அப்படி ஓடிய டயரின் பக்கச் சுவருக்குள் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. நாச்சோ குனிந்து காற்றடித்தான். காற்றழுத்தம் ஐம்பது பவுண்டைத் தொட்டதும் சுவர் நீளவாக்கில் கிழிந்து வெடித்தது. எரிவாயு உருளை வெடித்தது என்று நினைத்து ஓடினேன். கூரைத் தகட்டில் ஓட்டை விழுந்திருந்தது. நாச்சோவுக்குக் கீழ்த்தாடை இல்லை. பெர்ட்டா அவன் தலையை மடியில் வைத்து, கிரீஸ் துடைக்கும் துணியால் அழுத்திப் பிடித்திருந்தாள். பதினொரு நிமிடம் உயிர் இருந்தது. அந்தக் களேபரத்தில் வண்டிக்காரன் மீதி மூன்று டயரிலேயே கேம்பரை இழுத்துக்கொண்டு போய்விட்டான். பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

அதன்பின் கடையைத் தனியாக நடத்தினாள். இரும்புக் கூண்டுக்குள் வைக்காமல் எந்தக் கேம்பர் டயருக்கும் காற்றடித்ததில்லை. மூன்றாவது ஆள் வழக்குப் போட்டபோது நீதிபதி விட்லோ அம்மாள் தண்டனையை நிறுத்திவைத்து எச்சரித்தார். நானும் கோர்ட்டில் இருந்தேன்.

"இன்னொரு தடவை யார்மேலயாவது கை வச்சே, ஆறு மாசம் உள்ள. கடை லைசென்சும் போயிடும். புரியுதா பெர்ட்டா?"

"எனக்குப் புரியுதுங்கம்மா. வர்றவனுங்களுக்கும் புரியணும்ல."

"உனக்குப் புரிஞ்சாப் போதும்."

அந்தக் கடையைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்பில்லை, பிள்ளைகளும் இல்லை. அன்றிலிருந்து வாடிக்கையாளர்களிடம் பேசும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள். இரண்டரை வருடம் அப்படியே ஓடியது.

எங்கள் ஊருக்கு நவம்பரில் குளிருக்குத் தப்பி வடக்கிலிருந்து கேம்பர்கள் வந்து மணலில் நிற்கும். ஏப்ரல் கடைசியில் கிளம்பும். வந்தவர்கள் வண்டிக் கதவை வடக்குப் பார்த்து நிறுத்துவார்கள், நிழலுக்காக. கதவுப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஆறு மாதம் உட்கார்ந்திருப்பார்கள். எதிர்ப்பக்கத்து டயர்கள் அந்த ஆறு மாதமும் வெயிலில் வேகும். கிளம்பும் நாளில் நாற்காலியை மடிக்கும்போது அருகில் இருக்கும் டயரை ஒரு உதை உதைத்துப் பார்ப்பார்கள். அது நன்றாகவே இருக்கும். திருப்தியாகக் கிளம்பிவிடுவார்கள். ஊருக்கு வடக்கே காரிஸோ இறக்கம் பதின்மூன்று மைல். அங்கே வெயில் பக்கத்து டயர் வெடிக்கும். வெடித்த ரப்பர் பட்டை சாட்டை மாதிரி சுழன்று கேம்பரின் தரையைக் கிழிக்கும், எரிவாயுக் குழாயைப் பிடுங்கும். வண்டி பாம்பு மாதிரி ஆடி டிரக்கையும் பள்ளத்துக்கு இழுக்கும். 2014 பிப்ரவரியில் அப்படி ஒரு தம்பதி எரிந்துபோனார்கள். உடல்களை வெளியே எடுக்கக் கம்பி வெட்டியோடு போனவர்களில் பெர்ட்டாவும் ஒருத்தி.

அதே வருடம் ஏப்ரல் 23, பகல் 1.40. வெயில் நூற்றியொரு டிகிரி. மினசோட்டாவைச் சேர்ந்த வெண்டல் ஹெட்லண்ட் என்பவர் கேம்பரை எடை போட வந்தார். எழுபது வயது, ஆறடிக்கு மேல் உயரம். டிரக்கில் அவர் மனைவி ஆர்டிஸ், ஒல்லியான அம்மாள், மடியில் வரைபடத்தோடு உட்கார்ந்திருந்தார். முதலில் கேம்பரை முழுதாக நிறுத்தினேன். பிறகு ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றச் சொன்னேன்.

"நாலு டயரும் மொத்தமா எவ்வளவு தாங்கும்?" என்றார் ஹெட்லண்ட்.

"பத்தாயிரத்து நூத்தி அறுபது பவுண்டு."

"என் கேம்பர்?"

"ஒம்பதாயிரத்து அறுநூத்தி நாப்பது."

"அப்புறம் என்னய்யா உமக்குக் கவலை?"

"இடது பக்கம் மட்டும் ஐயாயிரத்து முன்னூத்திப் பத்து நிக்குதுங்க. அந்தப் பக்கத்து ரெண்டு டயரும் சேர்ந்து ஐயாயிரத்து எண்பதுதான் தாங்கும். அடுப்பு, ஃப்ரிட்ஜ், தண்ணித் தொட்டி எல்லாம் அங்கதான இருக்கு."

"வலது பக்கம் கொஞ்சம் உதவி பண்ணும், விடும்."

எடைச் சீட்டைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, சாலையைத் தாண்டி பெர்ட்டாவின் கடை வாசலில் நிறுத்தினார். வெயில் பக்கமான இடது பக்கத்து முன் டயரில் காற்றைப் பார்த்துவிட்டு, மண்டியிட்டு, இறக்க ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு பெர்ட்டா வெளியே வந்தாள். நானும் சாலையைக் கடந்தேன்.

"என்ன பண்றீங்க?"

"எழுபத்தி நாலு காட்டுது. அறுபத்தஞ்சு போதும்னு டயர்லயே எழுதியிருக்கான்."

"அது குளிர்ந்திருக்கறப்ப. இப்ப ஓடி வந்திருக்கு, வெயில்ல நிக்குது, அதான் ஏறியிருக்கு. இறக்கினீங்கன்னா மடங்கி மடங்கி உள்ளேயே வெந்துடும்."

"நாப்பத்திரண்டு வருஷமா வண்டி ஓட்டறேன்மா."

"அது டயருக்குத் தெரியாதே."

சொல்லிவிட்டு மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தாள். டயர் செய்த வாரமும் வருடமும் நான்கு இலக்கமாகப் பொறித்திருக்கும். இந்த டயரில் அது உட்பக்கம் இருந்தது. "முப்பத்தி மூணு, பூஜ்யம் ஆறு" என்று அடியிலிருந்து கத்தினாள். 2006ஆம் வருடம், முப்பத்து மூன்றாவது வாரம். ஏழரை வருடத்துக்கும் மேல். வெளியே வந்து டயரின் மேல் விரலை வைத்தாள். பக்கச் சுவர் முழுக்கக் காய்ந்த ஏரி மாதிரி வெடிப்பு. தரையில் படும் ஓடுபரப்பில் ஓரிடத்தில் அரை எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைப்பு.

"உள்ள பட்டை பிரிஞ்சாச்சு. இது காரிஸோ இறக்கத்தைத் தாண்டாது. நாலையும் மாத்துங்க."

"டயர் நல்லா இருக்குன்னு சொல்ற டயர் கடைக்காரிய நான் பாத்ததே இல்ல."

"சும்மாவே போட்டுத் தர்றேன்."

"சும்மா குடுக்கற டயர எவன் நம்புவான்?"

பெர்ட்டா டிரக்கின் பக்கம் தலையைத் திருப்பினாள். அதன் டயர்கள் புத்தம் புதியவை, கனத்த சுமைக்கானவை.

"உனக்கு ஓட்டறதுக்குப் புதுசு. அந்தம்மா சமைக்கிற வீட்டுக்கு அழுகினது. அப்படித்தானே?"

ஆர்டிஸ் அம்மாள் இறங்கி வந்திருந்தார். "வெண்டல், மாத்திடலாமே. எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

"நீ போய் உக்காரு."

"பிப்ரவரில எரிஞ்சவங்க நம்ம பக்கத்துலதான் டேரா போட்டிருந்தாங்க, வெண்டல்."

"உக்காருன்னா உக்காரு."

பெர்ட்டா ஓரடி முன்னால் வைத்தாள். "நீதிபதியம்மா சொன்னத மறந்துடாதே" என்றேன்.

"கை பின்னாலதானே இருக்கு, கிழவா?" என்றாள். இருந்தது.

கடைப் பலகையில் பழைய டயர்களை அறுக்கும் வளைந்த கத்தி கிடந்தது. ஆர்டிஸ் அம்மாள் அதை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, புடைப்பிருந்த டயரின் பக்கச் சுவரில் குத்தினார். யாரும் தடுக்க நேரமில்லை. காற்று அலறிக்கொண்டு வெளியேறியது. கத்தி பறந்து என் தலைக்கு மேல் போய்க் கடைச் சுவரில் மோதியது. அவருடைய வலது உள்ளங்கை பிளந்தது. புழுதி அடங்கியபோது கேம்பர் இடது பக்கம் சாய்ந்து நின்றது.

"இப்ப மாத்தித்தான ஆகணும்" என்றார்.

ஹெட்லண்ட் மனைவியின் முடியைப் பிடித்து முகத்தைக் கேம்பரின் தகட்டில் மோதினார். மறுபடி மோதினார். உதடு கிழிந்தது, ஒரு பல் தரையில் விழுந்தது. மூன்றாவது முறை தலையைப் பின்னால் இழுத்தபோது பெர்ட்டாவின் கை பின்னால் இல்லை. டயர் நெம்பும் இரும்பு ஹெட்லண்டின் வலது முழங்காலின் பக்கவாட்டில் இறங்கியது. பச்சைக் கிளை ஒடிவது போலச் சத்தம் கேட்டது. அவர் முடியை விட்டுவிட்டு விழுந்தார்.

பெர்ட்டா என்னைப் பார்த்தாள். "போதும்" என்றேன்.

அவர் இடது கையைத் தரையில் ஊன்றி எழ முயன்றார். அவள் மறுபடி ஓங்கி அந்த முன்கையில் அடித்தாள். இரண்டு எலும்பும் முறிந்தன. இரண்டு அடிகளுக்கும் இடையே ஐந்து விநாடி இருக்கும்.

ஷெரிப் அலுவலகத்துக்கும் ஆம்புலன்சுக்கும் நான்தான் போன் செய்தேன், 2.04க்கு. இரண்டும் மாவட்டத் தலைநகரிலிருந்து வர வேண்டும். ஐம்பது நிமிடம் ஆகும். பெர்ட்டா அந்த இரும்பைத் துடைத்து மாட்டினாள். ஹெட்லண்ட் தலைக்கு அட்டைப்பெட்டியை மடித்து வைத்து, கால் அசையாமல் இரு பக்கமும் பலகை வைத்துக் கட்டினாள். அவர் அவளையும் அவள் தாயையும் திட்டிக்கொண்டே இருந்தார்.

"கத்துங்க, கத்துங்க. நீங்க மயங்கலன்னு எங்களுக்கும் தெரியும்" என்றாள். பிறகு ஆர்டிஸ் அம்மாளிடம் திரும்பினாள். "உங்களுக்கு இத ஓட்டத் தெரியுமாம்மா?"

அவர் வாயில் பனிக்கட்டித் துணியை வைத்திருந்தார். "பன்னெண்டு அறுவடைக்குச் சர்க்கரை பீட்ரூட் லாரி ஓட்டியிருக்கேன். இவர்தான் சாவியக் குடுக்க மாட்டார்."

"அப்ப வாங்க, டயர் எடுங்க."

இரண்டு வகை காட்டினாள். "இது பாக்கப் பளபளன்னு இருக்கும், ஆனா ரெண்டு வருஷமா அலமாரில தூங்குது. இது போன நவம்பர்ல செஞ்சது. ஒண்ணு ரெண்டாயிரத்து எண்ணூத்தி முப்பது பவுண்டு தாங்கும்."

அம்மாள் குனிந்து, ரத்தம் தோய்ந்த விரலால் நான்கு டயரிலும் அந்த இலக்கங்களைத் தேடிப் படித்தார். "நவம்பர்து குடுங்க."

பெர்ட்டா சக்கர வட்டைத் துணியால் துடைத்து, அது எண்பது பவுண்டு காற்றைத் தாங்குமா என்று அதில் பொறித்ததைப் பார்த்தாள். தாங்கும். ரப்பர் வால்வுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு உலோக வால்வு போட்டாள். ஒவ்வொன்றையும் கூண்டுக்குள் வைத்து எண்பது அடித்தாள். இப்போது இடது பக்கம் ஐயாயிரத்து அறுநூற்று அறுபது தாங்கும். நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனரால் முறுக்கினாள். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. ஒரு முறைகூடச் சாலையைப் பார்க்கவில்லை.

ஷெரிப்பின் ஆள், டெபுடி கிரிம்ஸ், 2.51க்கு வந்தான். அவன் சிறு வயதிலிருந்தே எங்களுக்குத் தெரிந்தவன்.

"பெர்ட்டாக்கா, கைய நீட்டுங்க."

"ரெண்டு நட்டு பாக்கி இருக்குடா."

அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தான். இரண்டையும் முறுக்கிய பிறகு கைகளை நீட்டினாள். காரில் ஏற்றும்போது ஆர்டிஸ் அம்மாளிடம் சொன்னாள்: "புதுசா மாட்டின நட்டு ஓட ஓடத் தளரும். அம்பது மைல் போனதும் நிறுத்தி எல்லா நட்டையும் மறுபடி முறுக்குங்க. அம்பது. நூறு இல்ல."

ஆம்புலன்ஸ் ஹெட்லண்டை ஏற்றியது. மனைவியையும் ஏறச் சொன்னார்கள். ஆர்டிஸ் அம்மாள் கைக்கும் உதட்டுக்கும் கட்டு மட்டும் போட்டுக்கொண்டார். கணவரின் மருந்து டப்பாவையும் சட்டைப் பெட்டியையும் ஸ்ட்ரெச்சரில் வைத்தார். ஓட்டுநர் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு, காரிஸோ இறக்கத்தின் பக்கம் கிளம்பிப் போனார்.

ஜூன் 9ஆம் தேதி விசாரணை. ஆர்டிஸ் அம்மாள் வரவில்லை. தன் முகத்தைக் கணவர் தகட்டில் மோதியதை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார். அதனால் முதல் அடி குற்றமாகவில்லை. பிறகு என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

"எத்தனை அடி?" என்றார் ஹெட்லண்டின் வக்கீல்.

"ரெண்டு."

"ரெண்டாவது அடி விழறப்ப இவர் யாரையாவது பிடிச்சிருந்தாரா?"

"இல்ல. தரையில கிடந்தார்."

"நீங்க எதாவது சொன்னீங்களா?"

"போதும்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் அடிச்சா."

ஆறு மாதம் கொடுத்தார்கள். கடை லைசென்ஸ் அன்று மாலையே ரத்தானது. கூண்டையும் காற்றடிக்கும் எந்திரத்தையும் வேறு ஊர்க்காரன் வந்து ஏற்றிப் போனான்.

அடுத்த ஞாயிறு மாவட்டச் சிறைக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனை எடுத்தாள். முகம் இளைத்திருந்தது.

"ஊர்ல உன்னையத் திட்றாங்களாமே?"

"திட்றாங்க."

"ரெண்டுதான அடிச்சேன். நீ ஒண்ணுன்னு சொல்லியிருந்தா நானே எழுந்து திருத்தியிருப்பேன்."

"ரெண்டாவது எதுக்கு பெர்ட்டா? கடையே போச்சே."

போனை மறு காதுக்கு மாற்றினாள். "ஊனின கை கண்ணுல பட்டுச்சு. அவ்வளவுதான். அத விடு. அந்தம்மா அம்பது மைல்ல நிறுத்தினாங்களா?"

"அவங்க கோர்ட்டுக்கு அனுப்பின காகிதத்துல அது இல்ல."

"கோர்ட்ல என்னென்னவோ கேட்டாங்க. இத ஒருத்தனும் கேக்கல பாரு. நீயாவது எழுதிக் கேளு."

எழுதினேன். பதினெட்டு நாளில் பதில் வந்தது. நாற்பத்தேழாவது மைலில் ஒரு பெட்ரோல் பங்க் நிழலில் நிறுத்தியதாகவும், மறுபடி முறுக்கியபோது மூன்று நட்டுகள் கால் சுற்று நகர்ந்ததாகவும், போய்ச் சேரும் வரை வேறு தொல்லை இல்லை என்றும் எழுதியிருந்தார். பதிலை அனுப்பிய முகவரி ஹெட்லண்டின் வீடு அல்ல; வேறு ஊர்.

மறுபடி சிறைக்குப் போய், கண்ணாடியின் மேல் அந்தக் கடிதத்தை விரித்துப் பிடித்தேன். பெர்ட்டா உதடு அசையப் படித்தாள்.

"நாப்பத்தேழா?" என்றாள். "பரவால்ல."