பவர் சப்ளையைக் கொன்றவன்

ஐம்பது வயதாகிவிட்டது. தலைமுடி குறைந்துவிட்டது, பார்வை குறைந்துவிட்டது, இந்த ஆத்திரம் மட்டும் குறையவில்லை. சண்டைக் காலத்தில், ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்து துறைமுகப் பக்கம் இறங்கும் தெருவில், என் மாமா தன் பலசரக்குக் கடையில் வைத்திருந்த வீடியோ கேம் பெட்டியை நான் உடைத்தேன் என்பது குற்றச்சாட்டு. நான் உடைக்கவில்லை.

கொழும்பிலிருந்து லொறியில் வந்த பழைய பெட்டி அது. அலுமாரி உயரம், உள்ளே டிவி போல ஒரு கண்ணாடித் திரை. பள்ளிக்கூடம் விட்டால் நாங்கள், பொழுதுபட்டால் நேவிக்காரர். துவக்கை மா மூட்டையில் சாத்திவிட்டுப் பட்டனைக் குத்துவார்கள். அவர்கள் வந்தால் மாமா சிரித்துக்கொண்டே வியர்ப்பார். வெக்கை என்று நினைத்தேன்.

ஒருநாள் திரை இருண்டது. கடைசியாக விளையாடியவன் நான். "இவன் குத்தின குத்தில பவர் சப்ளை செத்துப்போச்சு" என்று தேங்காய் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் மாமா சொன்னார். வகுப்பில் பக்கத்தில் இருந்தவன் வாங்குப் பலகை மாறி உட்கார்ந்தான். பட்டன் முன்னால், பவர் சப்ளை பின்னால். முன்னால் குத்தினால் பின்னால் எப்படிச் சாகும் என்று கேட்டேன். தலையில் ஒரு குட்டு கிடைத்தது.

மானத்தைக் காக்க, மாமாவைக் கேட்காமலே, கிண்ணியாவிலிருந்து வந்து சந்தையடியில் ரேடியோ திருத்தும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனைக் கூட்டிவந்தேன். மாமாவின் முகம் அவித்த கணவாய் மீன் மாதிரி வெளுத்தது. அந்த நேரம் பார்த்து இரண்டு நேவிக்காரர் வந்து, வழக்கம்போல் துவக்கைச் சாத்திவிட்டு, வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

நானா வழியிலேயே எனக்கு விளக்கியிருந்தார். கரண்ட் போகும் வயருக்கு இடையில் ஒரு பல்பை மாட்டினால், அது பளிச்சென்று எரிந்தபடி நின்றால் பவர் சப்ளை செத்தது. ஒருதரம் மின்னி மங்கினால் உயிரோடு இருக்கிறது. மாட்டினார். மின்னி மங்கியது. வழக்கு வென்றவன் போல் நான் எல்லோரையும் பார்த்தேன். நானா உள்ளே கையை விட்டு, திரைக்குப் போகும் வயரை விரலால் தூக்கினார். எரிந்தது அல்ல. கத்தரிக்கோலால் நேராக நறுக்கி, மடித்துச் செருகியிருந்தது.

நானா மாமாவைப் பார்த்தார். மாமா மா மூட்டையைப் பார்த்தார்.

"முதலாளி, பவர் சப்ளை மௌத்து" என்றார் நானா. "இனி ஏலாது. இந்தப் பொடியன் குத்தினதிலதான் போயிருக்கு."

நான் ஒரு பேச்சே தயாரித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். நானாவின் செருப்பு என் கால்விரலில் ஏறியது. உயரமான நேவிக்காரர் குனிந்து, மூக்குக்கு மூக்கு வைத்து, தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லி, "மல்லி, நீயா உடைச்சது?" என்று கேட்டார். என் பேச்சு முழுவதும் தொண்டைக்குள் இறங்கி, வயிற்றைத் தாண்டி, காற்சட்டை வழியாக வெளியேறியது. வாயில் மிஞ்சியது ஒரே சொல்.

"ஓம்."

அவர் சிரித்து, என் தலையைத் தடவிவிட்டுப் போனார். பிறகு அவர்கள் வரவில்லை. நானா கூலி கேட்காமல் போனார். பொய் சொன்ன வெட்கம் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை ஒரு காலையில் சைக்கிளில் இரண்டு இளந்தாரிகள் வந்தார்கள். எனக்குத் தெரியாத முகங்கள், சட்டைக்குள் இடுப்பில் ஏதோ புடைப்பு.

"அண்ணை, நேவி எத்தினை மணிக்கு வாறவை எண்டு போன முறை கேட்டனாங்கள். நீங்கள் சொல்லேல்லை."

மாமா சாக்குப் போட்டு மூடியிருந்த பெட்டியைக் காட்டினார். "மெஷின் பழுது, தம்பி. இப்ப ஒருத்தரும் வாறேல்லை."

"ஆர் உடைச்சது?"

"இந்தா நிக்கிறான், என்ர மருமகன்."

இருவரும் என்னை நீண்ட நேரம் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன், அதற்குள் பழகிவிட்டது. அவர்கள் போனபின் மாமா அரிசி மூட்டையில் உட்கார்ந்தார். பிறகு என்னை இழுத்து, மூச்சு முட்டக் கட்டிப்பிடித்தார்.

நான் உதறித் தள்ளினேன். ஊர் பேர் தெரியாத இரண்டு பேருக்கும் என்னைக் குற்றவாளி என்று காட்டிக்கொடுத்துவிட்டு, பிறகென்ன கொஞ்சல்?