படத்தில் இருப்பவள் யார்

மும்பை மாதுங்காவில் ஓவியக் கல்லூரி மாணவர்களின் கண்காட்சி. பழைய ஐரோப்பிய பாணியில் வரைந்த ஒரு படத்தின் முன் நிற்கிறேன். வெள்ளைத் துணி போர்த்திய பெண். பக்கவாட்டு வெளிச்சத்தில் நெற்றியும் மூக்கும் ஒரே கோடாக இறங்குகின்றன. தோல் பளிங்குபோல் மாசில்லாமல் இருக்கிறது.

அருகில் தாராவித் தம்பதி ஒன்று.

"இது நாந்தான்" என்கிறாள் மனைவி, பயந்த குரலில். மாணவர்கள் பார்த்து வரைய மாடலாக உட்காருவதை மறைத்து, கல்லூரியில் பெருக்குகிற வேலை என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாளாம்.

கணவர் வெகுநேரம் பார்க்கிறார். "ஏட்டி, இது நீ இல்லியே. யாரோ வெள்ளக்காரில்லா?"

அவள் முகம் வாடுகிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

"இந்தப் பாணியில் எல்லா முகத்தையும் சிலைபோலத் திருத்திவிடுவார்கள்" என்கிறேன்.

அவர் குனிந்து படத்தின் பாதத்தை உற்றுப் பார்க்கிறார். அங்கே இரண்டாம் விரல் சற்றே கோணி, பெருவிரல்மேல் ஏறியிருக்கிறது. அதைத் திருத்த ஓவியனுக்கு மனம் வரவில்லைபோலும்.

"அட, இது ஒங் காலுதாம்ட்டி!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அவர் நிமிர்ந்து, படத்தைக் காட்டி என்னிடம் சொல்கிறார்:

"எங்க வீட்டுக்காரி, சார்."