ஒலீட்டாவின் நான்கு நாள் ஆற்றுப் பயணம்

ஒலீட்டா ஹாஸ்கியூ தபால் வண்டி ஓட்ட ஆரம்பித்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. தினமும் காலை ஒன்பதரைக்கு பெல் துறைப் பாலத்தில் கேஸ்கனேட் ஆற்றைக் கடப்பாள். கொஞ்ச நேரத்தில் ஸ்லேட்டர் பாலத்தில் மறுபடியும் அதே ஆறு. சாலையில் போனால் இரண்டுக்கும் நடுவே பதினோரு நிமிஷம்தான். ஆற்றோடு போனால் முப்பத்துநாலு மைல். அப்படி வளைந்து வளைந்து ஓடுகிற ஆறு. அந்த முப்பத்துநாலு மைலை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

இரண்டு பாலமும் தண்ணீரை ஒட்டிய தாழ்வான பாலங்கள். வண்டியை மெதுவாக்கி எட்டிப் பார்த்தால், பாறை நிழலில் ஸ்மால்மவுத் பாஸ் மீன்கள் ஓட்டத்துக்கு எதிராக அசையாமல் நிற்பது தெரியும். ஆற்றங்கரைக்காரர்கள் அதைப் பழுப்பன் என்பார்கள். கண் சிவந்து, முதுகு பழுப்பாக, பிடிவாதமான மீன். பார்த்துவிட்டு, பின்சீட்டில் கிடக்கிற பென்ஷன் கடிதங்களை நினைத்துக்கொண்டு போய்விடுவாள். புருஷன் இருந்த வரைக்கும் அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். அவர் போனபிறகு, மீன் நன்றாகக் கடிக்கிற ஜூன் மாதத்தில் லீவு கிடைக்கவில்லை. அவளுக்குப் பதிலாக ஓட்ட ஆள் இல்லை.

ஐம்பத்தேழாவது வயதில் கிடைத்தது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஜூன் இரண்டாவது வாரம், திங்கள் முதல் வியாழன் வரை, அவள் வண்டியை ஓட்டச் சம்மதித்தார். பெல் துறையிலிருந்து ஸ்லேட்டர் வரை ஆற்றோடு போகத் திட்டம் எழுத, ஒலீட்டா அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். தம்பிகள் இரண்டு பேரிடமும் சொன்னாள்.

பெரியவன் கார்வின், மரம் அறுக்கும் ரம்பங்களைப் பழுது பார்க்கிறவன். சின்னவன் டில்லர்ட், சரளைக்கல் லாரி ஓட்டுகிறவன். மார்ச் மாதம் மூன்று பேரும் அவள் சமையலறையில் உட்கார்ந்தார்கள்.

"ஒரு நாளைக்கு எட்டு மைல், ஒன்பது மைல். அதுக்கு மேல கிடையாது," என்றாள் ஒலீட்டா.

"எட்டா? நாங்க பன்னண்டு வயசுலயே இருபது மைல் போயிருக்கோம்," என்றான் கார்வின்.

"துடுப்புப் போட்டுகிட்டே போனா எப்படா மீன் பிடிப்பே?"

"சரி சரி, நீ சொன்னா சரி."

"நீ சொன்னா சரி" என்பதுதான் அவளை எரிச்சலின் உச்சிக்குக் கொண்டுபோகிற வார்த்தை. அதைச் சொன்னவன் ஒருமுறைகூடச் சொன்னபடி நடந்ததில்லை.

அடுத்து டில்லர்ட் ஆரம்பித்தான். "எண்ணெய்ச் சட்டி, அடுப்பு, கேஸ் சிலிண்டர் எல்லாம் நான் எடுத்துட்டு வரேன் அக்கா. மீனைப் பொரிச்சுத் தின்னலாம்."

"பழுப்பனைப் பிடிச்சா திருப்பி விட்டுடணும். பெருசா வளர அதுக்குப் பத்து வருஷம் ஆகுது."

"அப்ப நாலு நாளும் எதைத் திங்கிறது?"

"பன்றிக்கறி, பீன்ஸ், உருளைக்கிழங்கு, சோளரொட்டி. எல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

"பாத்தியாண்ணா, எழுதியே வச்சிருச்சு!"

ஏப்ரலில் கார்வின் போன் பண்ணி, சர்ச்சில் அந்த வாரம் கூட்டம் இருக்கிறது, அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா என்றான். முடியாது என்றாள். மே மாதம் டில்லர்ட் தன் மச்சினன் கல்யாணம் என்றான். கல்யாணம் ஜூலையில் என்று பிறகு தெரிந்தது. இதற்கிடையில் இரண்டு பேரும் சேர்ந்து, துடுப்புப் போட்டு ஓட்டுகிற ஒல்லிப் படகான கனோ வேண்டாம், மோட்டார் வைத்த தட்டைப் படகு போதும் என்று முடிவு பண்ணினார்கள். ஒலீட்டா நோட்டில் பக்கம் பக்கமாக அடித்துத் திருத்தினாள். கடைசியில் ஒரு பக்கம் முழுக்க அடித்தல்தான் மிஞ்சியது.

கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை கொட்டித் தீர்த்தது மழை. ஞாயிறு மத்தியானம் கார்வின் கூப்பிட்டான்.

"ஆறு ரெண்டு அடி ஏறிடுச்சு அக்கா. தள்ளி வச்சிரலாம்."

"காலையிலேர்ந்து இறங்கிட்டிருக்கு. நான் மூணு தடவை போய்ப் பாத்துட்டேன்."

"கலங்கலா இருக்குமே. மீன் கடிக்காதே."

"டேய், கேட்டுக்கோ. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு பெல் துறையில கனோவ இறக்குவேன். வர்றவன் வரட்டும், வராதவன் வீட்ல கிடக்கட்டும்."

போனை வைத்துவிட்டாள். சாயங்காலம், பயணம் முடிகிற ஸ்லேட்டரில் தன் பிக்கப் வண்டியை நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் வந்த ஒருவர் வண்டியில் வீடு திரும்பினாள்.

திங்கள் காலை, முன்பே பேசி வைத்தபடி, கனோவை ஏற்றிக்கொண்டு போக கார்வினுடைய லாரி வந்தது. ஓட்டிவந்தது கார்வின் இல்லை, அவன் பெண்டாட்டி ட்வைலா. இருபத்திரண்டு வருஷமாக ஒலீட்டாவுக்கும் அவளுக்கும் பேச்சு என்றால் சர்ச் விருந்தில் உருளைக்கிழங்கு சாலட்டைப் பற்றித்தான்.

"அவன் எங்கே?"

"தூங்குறாரு அண்ணி. ஆறு வடிஞ்சதும் வருவாராம்."

ஒலீட்டா நேராகப் போய்க் கனோவின் ஒரு முனையைத் தூக்கினாள். துறையில் கனோவை இறக்கினார்கள். ஐஸ் பெட்டி, கூடாரம், சாப்பாட்டுப் பெட்டி. எல்லாம் ஏற்றி முடித்தபிறகு ட்வைலா லாரியைப் பூட்டி, சாவியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

"நான் வரேன் அண்ணி."

"நீ துடுப்புப் பிடிச்சிருக்கியா?"

"இல்ல."

"தூண்டில்?"

"இல்ல. ஆனா துணி மூணு செட்டு எடுத்துட்டு வந்துட்டேன்."

முதல் நாள் பெரிய அவஸ்தை. ட்வைலா இடது பக்கம் போடு என்றால் வலது பக்கம் போட்டாள். கனோ இரண்டு முறை முழுவட்டம் சுற்றியது. அவள் வீசிய தூண்டில் எட்டுத் தடவை மரத்தில் மாட்டியது. எட்டுத் தடவையும் ஒலீட்டா போய் எடுத்தாள். தண்ணீர் காப்பி நிறத்தில் ஓடியது. ஒரு கடி இல்லை. ட்வைலா மட்டும் வாயை மூடவேயில்லை.

"அண்ணி, அது என்ன பறவை?"

"கொக்கு."

"அது?"

"அதே கொக்குதான். நாம துரத்திக்கிட்டே போறோம்."

தண்ணீர் மறுபடி ஏறினால் என்ன ஆவது என்று, ஒலீட்டா கூடாரத்தைக் கூழாங்கல் திட்டின் உச்சியில்தான் போடச் சொன்னாள். ட்வைலா மூச்சு வாங்க எல்லாவற்றையும் மேலே சுமந்தாள், ஒரு முணுமுணுப்பு இல்லாமல். அதை ஒலீட்டா கவனிக்கத்தான் செய்தாள்.

இரண்டாம் நாள் ஆறு தெளிந்து பச்சையானது. ஒலீட்டா இறால் போலச் செய்த ரப்பர் இரையைக் கட்டி, பாறை இடுக்கு ஒவ்வொன்றிலும் கணக்காக வீசினாள். கையளவுக் குஞ்சுகள் நாலு கிடைத்தன. ட்வைலா தூண்டிலைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அதை மறந்து சோளரொட்டி தின்றுகொண்டிருந்தாள். கம்பு சடாரென்று வளைந்தது.

"அண்ணி! எதுவோ இழுக்குது அண்ணி!"

"கம்ப மேல தூக்கு! ரொட்டியக் கீழ போடுடி முதல்ல!"

பழுப்பன் இரண்டு முறை தண்ணீருக்கு வெளியே எகிறியது. பதினேழு அங்குலம். துடுப்பில் ஒலீட்டா கீறியிருந்த அளவுக்கோட்டில் வைத்துப் பார்த்தார்கள். ட்வைலா அதை இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீருக்குள் விட்டாள். ஒலீட்டா நல்ல மீன்தான் என்றாள். அவ்வளவு சொல்லவே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம், சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரம், மோட்டார் சத்தம் கேட்டது. தம்பிகள். எண்ணெய்ச் சட்டி இருந்தது, அடுப்பு இருந்தது, சாப்பாடு இல்லை.

"பாத்தியா அக்கா," என்று கரையேறினான் டில்லர்ட், "ஒரு திட்டமும் போடல, நோட்டும் கிடையாது, ஒரே நாள்ல வந்து சேந்துட்டோம்!"

"மீன் பிடிச்சீங்களா?"

"எங்க பிடிக்கிறது, இந்த மோட்டார் சத்தத்துல?" என்றான் கார்வின். "பசிக்குது அக்கா."

ஒலீட்டா பீன்ஸ் சட்டியை எடுத்து அவன் கையில் திணித்தாள். கைநீட்டி அரை மைல் கீழே இருந்த திட்டைக் காட்டினாள். "அங்க போய்த் தின்னுங்க. நாளைக்கு ஒன்பது மணி வரைக்கும் அந்த மோட்டாரத் தொடாதீங்க. தொட்டா நானே ஆத்துல வீசிருவேன்."

"ட்வைலா, நீயாவது சொல்லேன்," என்றான் கார்வின்.

"அண்ணி சொல்லிட்டாங்கல்ல. கிளம்புங்க," என்றாள் ட்வைலா.

வியாழக்கிழமை விடிகாலையில் பனிமூட்டம் தண்ணீரோடு ஒட்டிக் கிடந்தது. ஒலீட்டா மேலே மிதக்கும் இரையை ஒரு விழுந்த மரத்தின் ஓரமாக வீசி, காத்திருந்து, ஒரு சுண்டு சுண்டினாள். தண்ணீர் வெடித்தது. நான்கு நிமிஷம் அவள் நூலை விட்டு விட்டு இழுத்தாள். மீனைக் கையில் ஏந்தியபோது அதன் சிவந்த கண் அவளையே பார்த்தது. பத்தொன்பது அங்குலம். மெதுவாக இறக்கினாள்; வாலை ஒருமுறை ஆட்டிவிட்டுப் போனது.

"பாத்தியாடி?"

முன்பக்கத்தில் ட்வைலா குனிந்து, நூலில் விழுந்த சிக்கலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். "எத அண்ணி?"

ஒலீட்டா கண்ணை மூடி பத்து வரை எண்ணினாள். "ஒண்ணுமில்ல. நீ சிக்கெடு."

மத்தியானம் ஸ்லேட்டரில் கரையேறினார்கள். மோட்டார் படகில் வந்து சேர்ந்த தம்பிகள் அங்கே வண்டி நிறுத்தி வைக்க யோசித்திருக்கவேயில்லை. அவள் பிக்கப்பின் பின்னால் படகுச் சாமானோடு சாமானாக ஏறி உட்கார்ந்தார்கள். கார்வின் பின்ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"ஏன் அக்கா, நாலு நாள் போனியே, ஒரு பெரிய மீனாவது மாட்டுச்சா?"

ஒலீட்டா பதில் சொல்வதற்குள் ட்வைலா திரும்பினாள். "ஏன் மாட்டாம? காலைல அண்ணி ஒண்ணு பிடிச்சாங்க பாருங்க, என் கண்ணால பாத்தேன்." இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள், ஒரு கை கதவில் இடித்தது. "இவ்வளவு பெருசு!"

"பத்தொன்பது அங்குலம்டி," என்று ஒலீட்டா பல்லைக் கடித்தபடி வண்டியைக் கிளப்பினாள். "பத்தொன்பதே பத்தொன்பது!"