சாருக்கென்று வெந்த கிழங்கு

நேற்று சாயங்காலம் மகள் கைபேசியில் சவ்வூடு பரவல் படித்துக்கொண்டிருந்தாள். திரையில் ஓர் உருளைக்கிழங்கு, அதன் குழியில் சர்க்கரைக் கரைசல், மட்டம் காட்ட ஒரு குண்டூசி, சுற்றிலும் தண்ணீர். விரலால் ஒரு தட்டு தட்டினாள். அரைமணி நேர வேலை அரை நொடியில் முடிந்து, கரைசல் குண்டூசிக்கு மேலே ஏறி நின்றது. எனக்கோ மஞ்சள் போட்டு வேகவைத்த கிழங்கின் வாசனை வந்தது. பாடத்துக்கும் மஞ்சளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

உத்திரமேரூரில் பிளஸ் டூ படித்தேன். பக்கத்தில் உட்காருபவள் ஸ்டெல்லா, மாகறலிலிருந்து பஸ்ஸில் வருவாள். எப்படியாவது நர்சிங் சேர்ந்துவிட வேண்டும் அவளுக்கு. மார்க் குறைந்தால் அம்மாவோடு நடவுக்குப் போக வேண்டியதுதான் என்று வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்படி ஒரு கவலையும் இல்லை. அப்பாவுக்கு நிலம் இருந்தது, எனக்குத் திமிர் இருந்தது.

செய்முறைத் தேர்வுக்கு பெஞ்சுக்கு ஒரு கிழங்கு நாங்களே கொண்டுவர வேண்டும். நான் எப்படியும் மறந்துவிடுவேன் என்று தெரிந்து ஸ்டெல்லாவே பொறுப்பை எடுத்துக்கொண்டாள். ஆனால் எங்கள் பள்ளியில் இன்னொரு வழக்கமும் இருந்தது. தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வரும் சாருக்கு மதியம் நல்ல சாப்பாடு போட வேண்டும். பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு பதார்த்தம் போகும். அப்படியிருக்க, "பரீட்சைக்கு உருளைக்கிழங்கு வேணும்மா" என்று மகள் சொன்னால் ஸ்டெல்லாவின் அம்மா வேறெப்படிப் புரிந்துகொள்வார்? மகள் குளிக்கப் போன நேரத்தில் நாலு கிழங்கை உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, தோலுரித்து, டிபன் பாக்ஸில் மூடிக் கொடுத்துவிட்டார்.

ஆய்வகத்தில்தான் திறந்து பார்த்தோம்.

"இன்னாடி இது, வெந்து கீது?" என்றேன்.

"எங்கம்மா சாருக்குன்னு நெனச்சிக்கினு பண்ணிக்கீதுடி. நான் செத்தேன்."

கடைக்கு ஓட நேரமில்லை. இருப்பதில் கெட்டியான கிழங்கைக் கழுவி, குழி தோண்டி, கரைசல் ஊற்றி, மட்டத்தில் குண்டூசி குத்தித் தண்ணீரில் வைத்தோம். பச்சைக் கிழங்காக இருந்தால் தண்ணீர் உள்ளே ஊறி மட்டம் ஏறும். எங்கள் கிழங்கில் ஏறவில்லை. இறங்குகிற மாதிரிகூட இருந்தது. ஸ்டெல்லா கண் கலங்கி நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. சார் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் சொட்டுக்குழாயால் கரைசலை உள்ளே விட்டேன். எனக்கு எப்போதும் கை தாராளம். ஐந்து நிமிடத்தில் குழி நிரம்பி வழிந்தது.

சார் வந்து நின்றார். அதிகம் பேசாத மனிதர்.

"இவ்ளோ வேகமாவா ஏறும்?"

"நல்ல ரகம் சார்," என்றேன்.

பெருவிரலால் கிழங்கை லேசாக அழுத்தினார். அது இரண்டாகப் பிளந்து தண்ணீரில் விழுந்தது. உள்ளே தெரிந்த மஞ்சளைக் குனிந்து பார்த்தார்.

சொட்டுக்குழாய் இன்னும் என் கையில்தான் இருந்தது. நான் தரையைப் பார்த்தேன். ஸ்டெல்லாதான் வாயைத் திறந்தாள். "வெந்துடுச்சி சார். சவ்வு உயிரோட இருந்தா தண்ணிய உள்ள வுடும், சக்கரைய வெளிய வுடாது. இது செத்துப்போச்சி, எல்லாத்தையும் வுட்டுடும். மட்டம் ஏறாது சார். நாங்கதான் ஊத்திட்டோம்."

அவள் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. நர்சிங் கனவு அந்தத் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தபோதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"யாரு வேகவெச்சது?" என்றார் சார்.

"எங்கம்மா சார். உங்களுக்குன்னு."

சிரிப்பை அடக்கினாரா, கோபத்தை அடக்கினாரா, தெரியாது. "மிச்சம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். மதியம் டிபன் பாக்ஸ் காலியாகத் திரும்பி வந்தது. செய்முறையில் ஸ்டெல்லாவுக்கு முழு மார்க். எனக்கு, நான் ஊற்றிய அளவுக்குக் குறைத்திருந்தார்.

ஸ்டெல்லா இப்போது டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். நாளெல்லாம் ரத்தத்தை வடிகட்டும் சவ்வோடுதான் பிழைப்பு. அவள் அம்மாவோ பார்த்தவர்களிடமெல்லாம், "என் உருளக்கெயங்க துன்னுட்டுதான் அந்த சாரு மார்க்கு போட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் மறுத்ததில்லை. அந்தக் கிழங்கால்தான் மாட்டிக்கொண்டோம் என்று ஒருநாள் சொல்லிவிட்டு, அவர் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு துரத்த, நாங்கள் இரண்டு கிழட்டுக் குமரிகளும் ஓட வேண்டும் என்று திட்டம் வைத்திருந்தோம். போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார்.

மகள் மறுபடி திரையைத் தட்டினாள். மட்டம் ஒழுங்காக ஏறியது. ஏறாமல் என்ன செய்யும்? அந்தக் கிழங்கை வேகவைத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லையே.